இருநூற்று நாற்பத்தோராம் நாள்

பண்ணைக்காரர் குசேரா அன்றைக்கே சொன்னார்:
விரைவுக் கட்டணமா?
அந்தக் காசுக்கு ஒரு கிடாரி வாங்குவேனே.
நான் வற்புறுத்தவில்லை.
இதை முதலில் எழுதிவிடுகிறேன்,
பிறகு எழுதினால் மழுப்பிவிடுவேன்.

நெப்ராஸ்காவில் ஒரு டயர்க்கடைக்கு மேல்மாடி என் அலுவலகம்.
டோலரஸ் வெர்ப்கா, குடிவரவு வழக்கறிஞர் என்று கதவில் இருக்கும்.
கீழே சக்கரம் கழற்றினால்
மேலே என் மேசையில் பேனா நடக்கும்.
தாலைபெக் வரும்போதெல்லாம்
அதைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் உட்காருவார்.
கிர்கிஸ்தானில் படித்த மாட்டு டாக்டர்,
எந்தச் சட்டையிலும் அடங்காத நீளக் கை.
கைராசிக்காரர் என்று பண்ணையில் பேர்.

விசா ஜூனில் முடிந்தது.
நீட்டிப்பு மனு நிலுவையில்.
நிலுவையில் இருக்கும்போது இருநூற்று நாற்பது நாள்
வேலை பார்க்கலாம் என்பது விதி.
அதற்கு மறுநாளைப் பற்றி விதிக்கு அக்கறையில்லை.
ஓட்டுநர் உரிமமும் விசாவோடு உடன்கட்டை ஏறியது;
குசேராவின் மகள்தான் காரில் கொண்டுவந்து விடுவாள்.

தினமும் காலையில் காப்பிக்கு முன்
பதின்மூன்று எழுத்துள்ள அந்த எண்ணைத் தட்டுவேன்.
பரிசீலனையில் உள்ளது.
இலை உதிர்ந்தது. பரிசீலனையில் உள்ளது.
இருநூற்றுப் பதினைந்தாம் நாள்
குசேரா கிடாரிக் காசைக் கட்டினார்.
பதின்மூன்று நாளில் விரைவாக வந்தது ஒரு கேள்வி:
மாடு பார்க்க ஏன் பட்டதாரி வேண்டும்? நிரூபிக்கவும்.
அறுபத்தோரு பக்கத்தில் நிரூபித்தேன்.
அதில் ஒரு வரிகூட
பிப்ரவரி மாதத்து இரவு இரண்டே காலைப் பற்றி இல்லை.

ஃபோன்.
ஜன்னலை மூடிக்கொண்டு வெளியே பனி.
அறுபது மைல் தள்ளி ஒரு கொட்டகையில்
பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம்.
தலையீற்று. கன்றின் ஒரு முன்னங்கால் வெளியே,
மற்றது மடிந்து உள்ளே.
பக்கத்து ஊர் டாக்டரின் வண்டி சாலையில் புதைந்து நிற்கிறது.
நான் வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன் மேடம்,
கையை விடலாமா?

சம்பளம் வேண்டாம் என்றார்.
வாங்காவிட்டாலும் அது வேலைதான்.
குசேராவுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அவர் இழுக்கட்டும் என்றார்.
சொல்லிக்கொடுப்பதும் வேலைதான்.
இருபத்தாறு வருடமாக எனக்குச் சட்டம் தெரியும்.
அன்றிரவு தெரிந்த அளவுக்கு
என்றைக்கும் தெரிந்ததில்லை.

கூடாது, என்றேன்.

சரி, என்றார். ஃபோனை வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
மாடு ஒரு சத்தம் போட்டது,
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.
பிறகு ஆணியில் எதையோ மாட்டும் ஓசை,
கோட்டாக இருக்கலாம்.
வாளியில் தண்ணீர் தளும்பியது.
குசேரா ஒரு வார்த்தை சொன்னார்,
என் அப்பா டிராக்டரிடம் சொல்வாரே, அந்தச் செக் வார்த்தை.
மீதியைக் காற்று என்று நினைத்துக்கொண்டேன்.
பனிக்காலத்தில் இங்கே காற்று பலவிதமாக மூச்சுவிடும்.

ஒன்பது நாள் கழித்து ஒப்புதல் வந்தது, ஒற்றைத் தாள்.
வாங்கிக்கொள்ளத் தாலைபெக் வந்தார்.
கீழே சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
பேனா மேசை விளிம்புவரை நடந்துபோனது.
அவர் பிடிக்கவில்லை.
இரண்டு கையும் கோட்டுப் பையிலேயே இருந்தன.
கன்று? என்றேன்.
எழுந்து நிற்கிறது என்றார்.
யார் இழுத்தது என்று
நான் கேட்கவில்லை.
அன்றிரவும் நான் எதையும் கேட்கவில்லை.

ஆறு ஆறு நிமிடமாகக் காலத்தை நறுக்கி
விலை போடுவது எங்கள் தொழில்.
பிப்ரவரி பதினொன்று, தொலைபேசி, நாலு துண்டு.
விவரம் என்ற இடத்தில்
பேனாவை வைத்து, எடுத்து,
வைத்து, அப்படியே விட்டுவிட்டேன்.

குசேரா எல்லாப் பில்லுக்கும் மூன்று கேள்வி கேட்பவர்.
இதை மறுநாளே கட்டிவிட்டார்.